எடுத்துக்காட்டும் உரிமையும் எழுதியவர் மானமும்

பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் பிறருடைய வார்த்தைகளை எடுத்துப் போடுகின்ற காரியத்தைப் பற்றி இவ்வாரம் நமது வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். வாதப் பிரதிவாதம் நடத்துவதையே வேலையாகக் கொண்ட எந்தப் பத்திரிகைக்கும் இது அன்றாட விஷயமாகும். ஒருவர் கூட்டத்தில் பேசியது, ஒருவர் சங்க அங்கத்தினர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம், ஒருவர் நண்பருக்கு எழுதிய கடிதம் ஆகிய இவைகளை எடுத்துக் காட்டாமல் விவாதம் என்பது நடவாது. ஆனால் இவைகளில் எதைக் கேட்டுப் போடுவது, எதைக் கேளாமலே போடுவது, எவ்வளவு போடுவது, யார் பெயரோடு போடுவது என்கின்ற விஷயங்களில் நமது நாட்டில் ஒரு முறையோ ஒழுங்கோ இருப்பதாகச் சொல்ல முடியவில்லை.

இது சம்பந்தமாகப் பத்திரிகை நடத்துகின்றவர்களுக்கு வரும் ஆட்சேபணைகள் பெரும்பாலும் இரண்டு விதமானவை. ஒன்று, மேடைக்கு மேடை பேசியும், பக்கம் பக்கமாய் எழுதியும் ஊராருக்கு உபதேசம் செய்கின்ற பெரிய மனிதர்களிடமிருந்து வருவது. "எனது வாக்கியங்களை எனது அனுமதியின்றி எடுத்துப் போட்டு எப்படிக் கண்டிக்கலாம்?" என்று வக்கீல் நோட்டீசின் மூலம் அவர்கள் கேட்கின்றார்கள். மற்றொன்று, தன் வீட்டுக் கஷ்டத்தையோ தன் ஊர்க் கொடுமையையோ நம்பி எழுதிய சாதாரண மனிதரிடமிருந்து வருவது. "உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன், ஊருக்கே தெரியும்படி செய்துவிட்டீர்களே" என்று அவர் வருத்தப்படுகின்றார். அவரிடம் வக்கீலும் இல்லை, நோட்டீசும் இல்லை.

சட்டப் புத்தகத்தில் இவ்விரண்டிற்கும் பதிப்புரிமை என்று ஒரே பெயர்தான் இருக்கலாம். ஆனால் நியாயம் ஒன்றல்ல. முதலாவது, பெரும்பாலும் விமர்சனத்திற்குப் பயந்து ஒளிந்து கொள்ளத் தேடும் மறைப்பு. இரண்டாவது, ஒரு மனிதனுடைய மானத்தைச் சேர்ந்த சங்கதி. நமது பத்திரிகை உலகம் என்ன செய்கின்றது என்றால், முதலாவதைக் கண்டு நடுங்குகின்றது. இரண்டாவதைக் குப்பைக் கூடையில் போடுகின்றது. இந்த முறையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

எடுத்துக்காட்டுவது எதற்காக?

ஒருவருடைய அபிப்பிராயத்தை மறுக்க வேண்டுமானால், அவர் சொன்னது இன்னதென்று வாசகருக்குக் காட்ட வேண்டியது முதற் கடமையாகும். காட்டாமல் மறுப்பது, எதிரியைக் கூண்டில் ஏற்றாமலே தீர்ப்புச் சொல்வதற்குச் சமானம். நமது பழைய உரையாசிரியர்கள் தங்களுக்குச் சம்மதமில்லாத கொள்கையை மறுக்கின்றபோது, "என்பாரும் உளர்" என்று சொல்லிவிட்டு மேலே போவதைப் பார்க்கலாம். அந்த "உளர்" என்பவர் யார், எங்கே சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்பது அனேக இடங்களில் தெரிவதில்லை. படிக்கின்றவன் மறுப்பவரை நம்பித்தான் ஆகவேண்டுமே தவிர, தானே சீர்தூக்கிப் பார்க்க வழி இல்லை.

இப்படிப்பட்ட பழக்கத்தால் என்ன நேரும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கின்றது. மறுஉலகம் இல்லை, வேதம் பிரமாணமில்லை, கண்ணால் கண்டதே சாட்சி என்று சொன்ன உலோகாயதர் என்கின்ற ஒரு கூட்டத்தார் இங்கு இருந்தார்கள். பிருகஸ்பதி பெயரால் வழங்கிய அவர்களுடைய மூலநூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் மிகப் பெரும்பகுதி அவர்களுடைய விரோதிகள் எழுதி வைத்ததேயாகும். 14ஆம் நூற்றாண்டில் மாதவர் என்பவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகம் என்ற நூல், உலோகாயதர் கொள்கையை முதல் அத்தியாயத்தில் வைத்துவிட்டுப் பிறகு மறுத்துக் கொண்டு போகின்றது. விரோதி எடுத்துக் காட்டியது சரியாய் இருந்தால் அவர்கள் பிழைத்தார்கள். அவன் திரித்திருந்தால் அந்தத் திரிபுதான் இன்றைக்கு அவர்கள் கொள்கை! கேட்பதற்கு ஆள் இல்லை. ஒத்துப் பார்ப்பதற்கு ஏடும் இல்லை.

மேல்நாட்டிலும் இப்படியே நடந்திருக்கின்றது. 2ஆம் நூற்றாண்டில் கெல்சஸ் என்பவர் கிறிஸ்தவ மதத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அந்த நூல் போய்விட்டது. ஆனால் 3ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்கு எட்டுப் பாகங்களில் மறுப்பு எழுதினார். அவர் கெல்சஸின் வார்த்தைகளை வரிசையாக எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாய்ப் பதில் சொல்லிக்கொண்டு போனபடியால், கெல்சஸ் சொன்னதில் பெரும்பாகம் இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றது. தமிழிலும், குண்டலகேசி என்ற பௌத்த காவியம் முழுமையாய்க் கிடைக்கவில்லை. அதை மறுத்த நீலகேசி என்ற சமண நூல் கிடைத்திருக்கின்றது. நீலகேசியின் உரைகாரர் எதிரியின் செய்யுட்களைச் சுட்டிக்காட்டிச் சென்றதனால்தான் அந்தப் பௌத்த நூலைப் பற்றிய சில செய்திகளாவது நமக்கு எட்டின.

ஆகவே பிறர் வார்த்தையை எடுத்துப் போடுகின்றவன், தான் ஒரு சாட்சியாய் நிற்கின்றோம் என்பதை உணரவேண்டும். மூலம் நாளைக்கு அழிந்து போகலாம். எழுதியவரே அதைக் கிழித்துவிடலாம். அப்போது நாம் அச்சிட்டது மாத்திரமே மிஞ்சும். எதிரியின் வார்த்தையை ஓரிஜென் மாதிரி முழுசாய்ப் போடுவது எதிரிக்குச் செய்கின்ற தயவல்ல. வாசகனுடைய அறிவுக்குச் செய்யவேண்டிய கடன்.

கடிதம் யாருடையது?

நிற்க, எடுத்துப் போடும் வார்த்தை யாருக்குச் சொந்தம் என்பதைப் பார்ப்போம். "எனக்கு வந்த கடிதம் என்னுடையது, அதை நான் அச்சுப் போடுவேன், விற்பேன், உனக்கென்ன?" என்று கேட்பவர்கள் அனேகர். இந்தக் கேள்விக்கு 1741லேயே லண்டனில் பதில் சொல்லியாய் விட்டது.

எட்மண்டு கர்ல் என்பவர் அந்நகரத்துப் புத்தக வியாபாரி. கிடைத்ததையெல்லாம் அச்சிட்டு விற்பதில் பேர்போனவர். அலெக்சாண்டர் போப் என்ற கவிஞரும் ஸ்விஃப்ட் என்ற ஆசிரியரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களை அவர் புத்தகமாய் வெளியிட்டார். போப் வழக்குத் தொடுத்தார். கடிதம் என்பது அனுப்பியவர் கொடுத்த தானம், பெற்றவருக்கே முழுச் சொந்தம் என்று கர்ல் வாதாடினார். நீதிபதி ஹார்டுவிக் பிரபு இதை ஒப்புக்கொள்ளவில்லை. கடிதம் பெற்றவருக்குக் கிடைப்பது, கூடினால், அந்தக் காகிதத்தின் மேல் உள்ள பாத்தியதை; அதிலுள்ள எழுத்தை உலகத்திற்கு வெளியிடும் உரிமை அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று சொன்னார். கடிதம் சாதாரண விஷயத்தைப் பற்றியது, நூலென்று சொல்லத் தக்கதல்ல என்கின்ற வாதமும் தள்ளப்பட்டது.

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. போப் தமக்கு வந்த கடிதங்களுக்கும் சேர்த்துத் தடை கேட்டார். நீதிபதி போப் எழுதியவைகளுக்கு மாத்திரமே தடை கொடுத்தார். போப்புக்குப் பிறர் எழுதியவைகளுக்குக் கொடுக்கவில்லை. கர்லுக்குப் பொருந்திய நியாயம் போப்புக்கும் பொருந்தியது! அன்றியும், இந்தப் போப் யோக்கியரும், சில ஆண்டுகளுக்கு முன் 1735ல் தமது கடிதங்கள் அதே கர்லின் கையில் மறைமுகமாய்ப் போய்ச் சேரும்படி தாமே சூழ்ச்சி செய்து, திருட்டுப் பதிப்பு வந்துவிட்டதே என்று கூச்சலிட்டு, அதன் பேரில் தமது சொந்தப் பதிப்பைக் கொண்டுவந்தவர்தான். உரிமையைப் பற்றி உரக்கப் பேசுகின்றவர்கள் எல்லோரும் அந்த உரிமைக்காகவே பேசுகின்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கும் இது ஒரு பாடம்.

சட்டம் சொல்வது

நமது நாட்டில் இப்போது அமுலில் இருப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இதன்படி எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்ய வேண்டும், முத்திரை போட வேண்டும் என்கின்ற நிபந்தனை ஒன்றுமில்லை. எழுதியவர் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 வருஷமும் அந்த உரிமை நீடிக்கின்றது. மகாவித்துவான் எழுதிய காவியத்திற்கும் ஒரு கூலித் தொழிலாளி எழுதிய கடிதத்திற்கும் இதில் வித்தியாசம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் சமத்துவமாய் இருப்பதைப் பாராட்டுகின்றோம்.

ஆனால் சொந்தம் என்பது சொற்களுக்குத்தானே ஒழிய, கருத்துக்கு அல்ல. கருத்து, கதைப் பொருள், சரித்திர உண்மை ஆகியவைகளின் மேல் ஒருவருக்கும் பதிப்புரிமை கிடையாது என்று உச்சநீதிமன்றம் 1978ல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கின்றது. எனவே ஒருவர் சொன்னதன் சாரத்தை நமது வார்த்தையில் எடுத்துச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்லும்போது அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டக்கூடாது என்பது மாத்திரம் நமது யோக்கியப் பொறுப்பு.

அவருடைய சொற்களையே எடுத்துப் போடுவதற்கும் சட்டம் வழி விட்டிருக்கின்றது. விமர்சனத்திற்காகவும் நடப்புச் செய்திகளைத் தெரிவிப்பதற்காகவும் நியாயமான அளவில் எடுத்தாளுவது குற்றமல்ல. பொதுக் கூட்டத்தில் ஒருவர் பேசியதைச் செய்தியாய் வெளியிடுவதும் அதில் அடங்கும். 1886ல் ஏற்பட்டதும், 1928 முதல் இந்தியா சேர்ந்திருப்பதுமான பெர்ன் உடன்படிக்கையும், நியாயமாய் வெளிவந்துள்ள எழுத்திலிருந்து நோக்கத்திற்கு வேண்டிய அளவு மேற்கோள் காட்டலாம் என்கின்றது. எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்லுகின்றது.

"வேண்டிய அளவு என்றால் எத்தனை வார்த்தை? இருநூறா, முந்நூறா?" என்று சிலர் கேட்பார்கள். இதற்கு முழக்கோல் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு நீதிபதி நல்ல உதாரணம் ஒன்று சொன்னார். ஒரு கல்லறையின் மேல் பத்து இருபது வார்த்தைகள் பொறித்திருக்கின்றன. அவை அந்த இடத்திற்குத் தகாதவை என்று ஒருவர் பத்திரிகைக்கு எழுதுகின்றார். அந்த வார்த்தைகள் முழுவதையும் எடுத்துப் போடாமல் அவர் எப்படிக் கண்டிக்க முடியும்? ஆகவே முழுவதையும் எடுத்தும் நியாயமாய் இருக்கலாம். இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவில் ஜெரால்டு ஃபோர்டு என்ற முன்னாள் ஜனாதிபதியின் சுயசரிதை வெளிவருவதற்கு முன்பே ஒரு பத்திரிகை அதிலிருந்து பகுதிகளை முந்திப் போட்டுவிட்டது. ஏறக்குறைய 2,00,000 சொற்களுள்ள நூலில் அது அப்படியே எடுத்தது சுமார் 300 சொற்கள்தான். ஆனாலும் அது நியாயமல்ல என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1985ல் தீர்த்தது. வெளிவராத எழுத்தின் முதல் விற்பனையை அது கெடுத்துவிட்டது என்பதே முக்கிய காரணம். ஆகவே எத்தனை வார்த்தை என்று எண்ணுவதைவிட, எதற்காக எடுத்தோம், வெளிவந்ததிலிருந்து எடுத்தோமா வெளிவராததிலிருந்து எடுத்தோமா, யாருடைய பிழைப்பைக் கெடுத்தோம் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

வாயடைக்கும் ஆயுதம்

இனி அந்தப் பெரிய மனிதர்களின் நோட்டீசுக்கு வருவோம். ஊருக்கு உபதேசம் செய்கின்றவன், அந்த உபதேசத்தை எடுத்துக் காட்டிக் கேள்வி கேட்டால் மாத்திரம், "அது எனது சொத்து" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இதற்கு மதவாதிகளின் சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கின்றது. சயண்டாலஜி என்ற மதத்தை ஏற்படுத்தியவர் ஹப்பார்டு என்ற அமெரிக்கர். சிரில் வாஸ்பர் என்பவர் அதில் இருந்துவிட்டு வெளியே வந்து, அதைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஹப்பார்டின் புத்தகங்களிலிருந்தும், அந்த மதத்தார் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட சுற்றறிக்கைகளிலிருந்தும் ஏராளமான பகுதிகளை எடுத்துப் போட்டிருந்தார். உடனே பதிப்புரிமை போயிற்று, இரகசியம் போயிற்று என்று சொல்லிக் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். 1971ல் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டு, டென்னிங் பிரபு தலைமையில், அந்தத் தடையை நீக்கிவிட்டது. மேற்கோள்கள் நீண்டவையாய் இருந்தாலும் விமர்சனத்திற்கு ஆதாரமாய் எடுக்கப்பட்டிருந்தால் நியாயமாய் இருக்கலாம் என்றும், எழுத்தின் நடையை மாத்திரமல்ல, அதிலுள்ள கொள்கையையும் விமர்சிக்கலாம் என்றும் தீர்ப்பில் கண்டிருக்கின்றது. சுற்றறிக்கை கடையில் விற்கப்படாததாய் இருந்தாலும், அது பெருங்கூட்டத்தாரிடையே பரவியிருந்தால் விமர்சனத்திற்கு உட்பட்டதே என்பதும் அத்தீர்ப்பின் சாரம். பத்துப் பேருக்கு இரகசியம் என்று சொல்லிப் பத்தாயிரம் பேருக்கு உத்தரவு போடுகின்ற சங்கங்களும் மடங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நமது பக்கத்து நாடாகிய கேரளத்திலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. தோப்பில் பாசி என்பவர் எழுதிய புகழ் பெற்ற கம்யூனிஸ்டு நாடகம் ஒன்றுக்கு, சிவிக் சந்திரன் என்பவர் எதிர் நாடகம் எழுதினார். மூல நாடகத்தின் பாத்திரங்களையும் பேச்சுக்களையும் எடுத்தாண்டே அதைக் கேள்வி கேட்டார். பாசியின் வாரிசுகள் தடுக்க முயன்றார்கள். எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது, மூலத்தோடு போட்டி போட்டு விற்பனையைக் கெடுக்குமா என்ற மூன்றையும் பார்த்த கேரள உயர்நீதிமன்றம், 1996ல் எதிர் நாடகத்தைத் தடுக்க மறுத்துவிட்டது. மதமானாலும் சரி, நமக்குப் பிடித்தமான அரசியலானாலும் சரி, பொதுமக்கள் முன் வைத்த சரக்கைப் பொதுமக்கள் புரட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆகையால் இப்படிப்பட்ட நோட்டீசு வந்தால் பத்திரிகைக்காரர்கள் உடனே மன்னிப்புப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளத் தேவையில்லை. ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்குப் போடுவதாக மிரட்டப்பட்டவர், அந்த மிரட்டலுக்கு எதிராகத் தாமே கோர்ட்டுக்குப் போகலாம் என்று நமது சட்டத்தின் 60ஆவது பிரிவு சொல்லுகின்றது. இதை அறிந்திருப்பவர்கள் மிகச் சிலரே.

எளியவர் கடிதம்

இது இவ்வாறிருக்க, மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். புருஷன் அடிப்பதைப் பற்றி ஒரு பெண் எழுதுகின்றாள். கோயில் வீதியில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிபட்ட ஒருவர் எழுதுகின்றார். கலப்பு மணம் செய்துகொண்டு ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் எழுதுகின்றார்கள். இந்தக் கடிதங்கள்தான் ஒரு பத்திரிகைக்கு உயிர். இவைகளை அச்சில் போட்டால் ஆயிரம் பேருக்கு அறிவும் தைரியமும் உண்டாகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், "நல்ல காரியத்திற்காகத்தானே போட்டோம்" என்று சொல்லி, கேளாமலே பெயரையும் ஊரையும் போட்டுவிட்டு, அடுத்த நாள் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் கூட்டம் கூடினால் அதற்கு யார் ஜவாப்தாரி? நமது கொள்கைக்கு வெற்றி, அவளுக்கு அடி. இந்தக் கணக்கு நியாயமா என்று கேட்கின்றோம்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் பிசகு. நூறு வீடுள்ள ஊரில், இன்ன தெருவில் தையல் தொழில் செய்கின்ற விதவை என்று எழுதிவிட்டால் பெயர் எதற்கு? ஊர், தெரு, தொழில், ஜாதி, உறவு ஆகிய இவைகளில் இரண்டு சேர்ந்தாலே ஆள் அகப்பட்டுவிடுவார். கடிதம் எழுதியவர் மாத்திரமல்ல, அந்தக் கடிதத்தில் வருகின்ற மாமியாரும் குழந்தையும் கூட மனிதர்கள்தான். அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முக்கியமான தீர்ப்பு வந்திருக்கின்றது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் என்பவருடைய சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை முயன்றபோது, சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். பத்திரிகையார் உச்சநீதிமன்றத்திற்குப் போனார்கள். 1994ல் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் பேசுகின்றது. அதிகாரிகள் தங்களுக்கு அவதூறு வரும் என்று பயந்து முன்கூட்டியே பிரசுரத்தைத் தடுக்க முடியாது. வேண்டுமானால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம். பொது ஆவணத்தில் உள்ளதை யாரும் வெளியிடலாம். உத்தியோகஸ்தர் தமது உத்தியோகக் கடமையில் நடந்து கொண்டதைப் பற்றியும் எழுதலாம். ஆனால் ஒரு தனி மனிதனுடைய குடும்பம், மணம், பிள்ளைப்பேறு, கல்வி முதலிய அந்தரங்க விஷயங்களை, உண்மையானாலும் பொய்யானாலும், அவன் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. இந்தத் தீர்ப்பு நாம் சொல்ல வந்த நியாயத்திற்கு மிக நெருங்கியிருக்கின்றது. அதிகாரத்தில் இருப்பவனுக்குத் திரை வேண்டாம். அதிகாரம் இல்லாதவனுக்குத் திரை வேண்டும்.

மற்றொரு அற்பத்தனத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சில கனவான்கள் ஒரு பாமரருடைய கடிதத்தை எடுத்துப் போடும்போது அதிலுள்ள எழுத்துப் பிழைகளையெல்லாம் அப்படியே விட்டு, பக்கத்தில் ஆச்சரியக் குறியும் போட்டு வேடிக்கை காட்டுகின்றார்கள். எத்தனையோ தலைமுறையாய்ப் பள்ளிக்கூட வாசலைக் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, இன்றைக்கு ஒருவன் கஷ்டப்பட்டு நாலு வரி எழுதினால், றகரம் ரகரம் பார்த்துச் சிரிப்பது பண்டிதத்தனமல்ல. பழைய ஜாதித் திமிரின் புது வேஷம். அவர் சொன்ன விஷயத்திற்குப் பதில் இருந்தால் சொல்லட்டும். இல்லையேல் வாயை மூடிக் கொள்ளட்டும். அர்த்தம் மாறாதபடி எழுத்துப் பிழையைத் திருத்திப் போடுவதே மரியாதை. அந்தப் பிழையைப் பற்றியே விவாதம் நடந்தால் ஒழிய அதை அப்படியே விட யாதொரு அவசியமும் இல்லை.

நாணயமான முறை

சுருங்கச் சொல்லுங்கால், பிறர் வார்த்தையை அச்சில் போடுகின்றவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவென்று நாம் கருதுகின்றோம்.

பொதுமக்களுக்கென்று பேசியதையும் எழுதியதையும் விவாதத்திற்கு வேண்டிய அளவு யாரையும் கேளாமல் எடுத்துப் போடலாம். ஆனால் வார்த்தை பிசகாமல், எங்கே எப்போது சொன்னது என்ற குறிப்போடு போட வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் விட்ட இடத்தைப் புள்ளியிட்டுக் காட்ட வேண்டும். "குடிப்பது நல்லதென்று சிலர் சொல்வது மூடத்தனம்" என்று ஒருவர் எழுதியிருக்க, முன்னதையும் பின்னதையும் வெட்டி, "குடிப்பது நல்லது" என்று அவர் சொன்னதாய்ப் போடுவது மேற்கோள் அல்ல, மோசடி. எழுதியவருடைய பெயருக்குக் கெடுதி வரும்படி அவர் எழுத்தைத் திரிப்பதைத் தடுக்கும் உரிமை, பதிப்புரிமையை அவர் விற்றுவிட்ட பிறகும் அவரிடமே இருக்கின்றது என்று நமது சட்டத்தின் 57ஆவது பிரிவு சொல்லுகின்றது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாணயம் அதையே சொல்லும்.

தனிப்பட்ட கடிதத்தைக் கேட்டுத்தான் போட வேண்டும். பத்திரிகைக்கென்று எழுதியதை அந்தப் பத்திரிகையில் ஒரு தடவை போடுவதற்கு அனுமதி உண்டென்று கொள்ளலாம்; அதற்கு மேல் இல்லை. வாசகர் கடிதங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகமாக்கி, அட்டை போட்டு, விலை வைத்து விற்க வேண்டுமானால், எழுதியவர்களைத் திரும்பக் கேட்க வேண்டும். இலாபம் வந்தால் பங்கும், குறைந்தது ஒரு பிரதியாவதும் கொடுக்க வேண்டும். உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்கின்ற நியாயத்தை வயலில் கண்டிக்கின்றவர்கள் அச்சாபீசில் மாத்திரம் அனுசரிக்கலாமா?

ஒருவர் புனைபெயரில் எழுதியிருந்தால் அந்தப் பெயரிலேயே போட வேண்டும். அவரது சொந்தப் பெயர் நமக்குத் தெரியும் என்பதற்காக வெளிப்படுத்துவது காட்டிக் கொடுப்பதாகும். கண்டித்து எழுதினால் கண்டிக்கப்பட்டவருக்கு ஒரு பிரதி அனுப்பி, அவர் பதில் எழுதினால் அதையும் போட வேண்டும். அவர், "அந்த அபிப்பிராயத்தை இப்போது மாற்றிக் கொண்டேன்" என்றால், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதன் அறிவு வளர்ந்து மாறுவதைத்தானே நாம் எல்லோரிடமும் கேட்கின்றோம்? மாறியவனைப் பழைய வார்த்தையில் கட்டிப்போட்டு அடிப்பது பகுத்தறிவல்ல.

சில ஆட்சேபங்கள்

"எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் சூழ்ச்சிக்காரன் மாட்டேன் என்பான், உண்மை வெளிவராது" என்று சிலர் சொல்லலாம். சூழ்ச்சிக்காரனைக் கேட்கச் சொல்லவில்லை. தாசில்தார் இலஞ்சம் கேட்டு எழுதிய சீட்டும், ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்து எழுதிய காகிதமும் அந்தரங்கக் கடிதங்கள் அல்ல. அவை அதிகாரத்தின் அக்கிரமத்திற்கு அத்தாட்சி. அவைகளைத் தாராளமாய் வெளியிட்டு, வருவதை எதிர்த்து நிற்க வேண்டியதுதான் பத்திரிகையின் வேலை.

"பத்துப் பேர் நடுவில் சொன்னதுதானே, அது பொதுச் சொத்து அல்லவா?" என்று வேறு சிலர் கேட்கலாம். டீக்கடைப் பெஞ்சியில் பத்துப் பேர் கேட்கச் சொன்னதும், பத்தாயிரம் பேர் படிக்க அச்சிட்டதும் ஒன்றாகுமா? சொன்னவர் எந்தக் கூட்டத்தை நினைத்துச் சொன்னாரோ அதைவிடப் பெரிய கூட்டத்தின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன், அவரை ஒரு வார்த்தை கேட்பதால் நமக்கு நஷ்டமாவது ஒரு தபால் கூலிதான். அவர் தலைவராயும் குருவாயும் தம்மை எண்ணிக்கொண்டு சொன்னவரானால் அந்தத் தபால் கூலியும் வேண்டாம்.

தோழர்களே! எழுத்து என்பது வெகு காலம் சிலருடைய ஏகபோகமாய் இருந்தது. இன்று எல்லோரும் எழுதுகின்றார்கள். எழுதுகின்றவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டப் படுகின்றார்கள். ஆகவே முன்பு சில புலவர்களுக்கு மாத்திரம் வேண்டியிருந்த இந்த ஒழுங்கு, இப்போது ஒவ்வொருவருக்கும் வேண்டியதாய் விட்டது. அடுத்த தடவை ஒருவருடைய வார்த்தையை எடுத்து அச்சுக்குக் கொடுக்கும் முன், இவர் நம்மைவிட வலியவரா, எளியவரா என்று ஒரு கணம் யோசியுங்கள். வலியவரானால் வார்த்தை பிசகாமல் பயமின்றிப் போடுங்கள். எளியவரானால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.